எங்கள் ஊரில் சூரியன் உதிக்காத டிசம்பர்

டிசம்பர் மாதம் முழுவதும் கோலார் தங்கவயலில் சூரியன் உதிக்காது என்று என் கூரைச் சோலார் கணக்கு சொன்னது. நவம்பரிலும் உதிக்காது, ஜனவரியிலும் இல்லை. பிப்ரவரி நடுவில்தான் மெல்ல எட்டிப் பார்க்கும். அதற்கு வட்டியும் முதலுமாக மே, ஜூன், ஜூலையில் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது. நடுராத்திரியிலும் கூரையில் மின்சாரம் கொட்டும்.

இதைப் பார்த்த மாத்திரத்தில் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன் என எழுத ஆசைதான். உண்மையில் நான் பார்த்தது வருட மொத்தத்தை மட்டும். கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே, மேகமூட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கோப்பைப் போட்டுவிட்டேன். மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தவன் ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பன். "மச்சி, டிசம்பர்ல ஜீரோ போட்டுக்கிறியே, கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் எப்படிடா எரியும்?" என்று கேட்டான். பின்னாலேயே பதினேழு சிரிப்பு முகங்கள்.

எங்கள் ஊர் வட அட்சரேகை 12.95, கிழக்குத் தீர்க்கரேகை 78.27. வரைபட மென்பொருள்கள் பல, தீர்க்கரேகையை முதலில் எழுதி அட்சரேகையை அப்புறம் எழுதும். நான் எழுதி வைத்த சூரியக் கணக்கோ முதல் எண் அட்சரேகை என்று நம்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டதில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் ஆண்டர்சன்பேட்டையும் மொத்தமாகப் பெயர்ந்து, ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் திரும்பி வரும். கணக்கில் தப்பே இல்லை, ஊர்தான் தப்பு.

அவமானத்தைத் தணித்துக்கொள்ள அந்தத் தீவைப் பற்றிப் படித்தேன். அதன் முக்கிய ஊர் லாங்இயர்பியன், நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1906-இல் ஓர் அமெரிக்கர் உண்டாக்கிய ஊர். அவர் பெயர் ஜான் லாங்இயர். எங்கள் ஊரை 1880-இல் கையில் எடுத்தது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி. எங்கள் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே நார்வேக்காரர்களின் கடைசிச் சுரங்கம் 2025-இல் மூடப்பட்டது. வழி தவறினாலும் மூடிய சுரங்கத்தின் வாசலுக்கே போய் நின்றிருக்கிறேன். ரத்தம் அப்படி.

இந்த வேலையில் நான் இறங்கியதே ஒரு வாய்ச்சவடாலால்தான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக் கூரையில் ஒரு கிலோவாட் சோலார் போட்டால் 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. குழுவில் பேச்சு ஓடியது. சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய நம்ம ஊர் லைன் வீடுகளுக்கெல்லாம் போட்டால் எவ்வளவு கரண்ட் வரும் என்று ஒருவன் கேட்டான். பெங்களூரில் கணினி முன் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் நான், "வீடு வீடா போகவே வேணாம்டா, சாட்டிலைட் மேப்ல உட்கார்ந்த இடத்துலேயே அளந்து தரேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது மார்ச்சில். இதை எழுதும்போது எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வேலை கேட்பதற்குச் சுலபம். மேலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு வரைந்தால் மென்பொருள் பரப்பளவைச் சொல்லும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். வகுத்து, பெருக்கினால் விடை. எட்டாம் வகுப்புக் கணக்கு. எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து கூரை வரைய ஆரம்பித்தேன். சுரங்கம் மூடியபின் ஊரே பிழைப்புக்காக ஏறும் ரயில் அது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாற்பது கூரை வரைந்ததும் பரப்பளவு கொஞ்சம் தாராளமாகவே வருவதைக் கவனித்தேன். பத்துக்குப் பத்து அறை நூற்றைந்து சதுர அடி என்றது. எங்கள் ஊர் லைன் வீடு சொன்னதைவிடப் பெரிதாக இருந்த சரித்திரம் கிடையாது. தோண்டிப் பார்த்தால், நான் அளந்துகொண்டிருந்தது மெர்கேட்டர் பாணிப் படத்தின் மேல். 1569-இல் மாலுமிகளுக்காக வரைந்த முறை அது. திசை சரியாக இருக்கும், நிலம் மட்டும் பூமத்திய ரேகையை விட்டு விலக விலக உப்பிக்கொண்டே போகும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடு போட்டி போடுவது அதனால்தான். நம் அட்சரேகையில் உப்பல் ஐந்து சதவீதம். ஜான் டெய்லர் கம்பெனி தராத ஐந்து சதுர அடியை வீட்டுக்கு வீடு நான் தந்துகொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தினேன். உலகை ஆறு ஆறு பாகைகளாக நறுக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் உரிய துண்டைத் தேர்ந்துகொண்டால் அளவு ஏறக்குறைய சரியாக வரும். பெங்களூர் ஆள்கள் எல்லோரும் 43 என்று போடுவதைப் பார்த்து நானும் 43 போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, 43-ஆம் துண்டு 78-ஆவது தீர்க்கரேகையோடு முடிந்துவிடுகிறது. தங்கவயல் 44. அந்த எல்லைக்கோடு பங்காருப்பேட்டைக்கும் மாலூருக்கும் நடுவில் எங்கள் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிறது. இருபது வருடமாகத் தினம் இரண்டு முறை அதைத் தாண்டியிருக்கிறேன், ஒரு நாளும் உடம்பில் எதுவும் தெரிந்ததில்லை. இந்தத் தப்பால் வந்த வித்தியாசம் மிகச் சின்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சொந்த ஊர் எந்தத் துண்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன் என்ற பெயர் குழுவில் நிலைத்துவிட்டது.

கையால் வரைந்து மாளாது என்றானபின் மென்பொருளுக்கே கூரை பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இருபது கூரைகளைக் காட்டி, இந்த மாதிரி வெளுப்பாக, தட்டையாக இருப்பதையெல்லாம் பொறுக்கு என்றேன். ராத்திரி முழுக்கப் பொறுக்கியது. காலையில் பார்த்தால் ஊரிலேயே பெரிய வீடு ஒன்று அகப்பட்டிருந்தது. கூரைப் பரப்பு சுமார் 40 ஏக்கர், 16 மெகாவாட் போடலாம். பங்காருப்பேட்டை தாலுகா யலேசந்திராவில் கர்நாடக மின் கழகம் 2010-ஐ ஒட்டி அமைத்த சூரிய மின் நிலையமே 3 மெகாவாட்தான். நாட்டின் முதல் மெகாவாட் அளவு நிலையங்களில் ஒன்று என்று பெருமையாகப் பேசப்பட்டது அது. அதைப் போல ஐந்தை ஒரே வீட்டுக் கூரையில் வைக்கக்கூடிய அந்தப் பணக்காரர் யார் என்று பார்த்தால், சயனைட் மேடு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பாறையைப் பொடியாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சிய மண்ணை நூறு வருடத்துக்கு மேல் கொட்டிக் கொட்டி உண்டான மலைகள் அவை. மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். நான் அதன் அடிவாரத்தில் கோலி ஆடி வளர்ந்தவன். என் ஊர் மலையையே வீடு என்று எண்ணிவிட்டேன்.

என் நைனா அப்போதுதான் முதல் தடவையாக என் திரையை எட்டிப் பார்த்தார். பழைய சுரங்கத் தொழிலாளி. பெங்களூரில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, 1902-இல், சிவனசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் எங்களுடையது. அது சுரங்க இயந்திரங்களுக்காக வந்தது. குடிக்கத் தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து, இயந்திரத்துக்கு மின்சாரம் காவிரியிலிருந்து. நைனா அந்த மின்சாரத்தில் ஓடும் கூண்டில் ஏறி, பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆழத்துக்கு இறங்கி வேலை செய்தவர். அவரிடம் போய் வெயிலைப் பற்றி விளக்கினேன்.

"அந்த மேட்டு மேலயா கண்ணாடி வெக்கப் போற?" என்றார். "ஆடி மாசம் காத்து அடிச்சா அந்த மண்ணு சோத்துத் தட்டு வரைக்கும் வரும். கண்ணாடி மேல படியாதா? தினம் யாரு கழுவுறது? தண்ணி லாரி நீ அனுப்புறியா?"

பேனல் மேல் படியும் தூசியால் உற்பத்தி குறையும் என்பது எனக்குத் தெரியும். என் சூத்திரத்தில் அதற்கென்று ஓர் இடமும் உண்டு. ஏதோ ஒரு கட்டுரையில் பார்த்த மூன்று சதவீதத்தை அதில் போட்டிருந்தேன். அந்தக் கட்டுரையை எழுதியவர் மாரிக்குப்பத்தில் ஆடிக் காற்றைப் பார்த்தவர் அல்ல.

பிறகு நைனா திரையில் விரல் வைத்து, "இது யாரு வீடு?" என்றார். பல்கோணம் எண் 218 என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. விரலை நகர்த்திக்கொண்டே போய் ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தி, "இந்தப் புளியமரம் விழுந்து ரெண்டு வருசமாச்சே" என்றார். அந்த மரத்தின் நிழலுக்காக ஆறு வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கி வைத்திருந்தேன். படம் எந்த வருடம் எடுத்தது என்று பார்க்க வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. மூலையில் சின்ன எழுத்தில் தேதி இருந்தது.

நிழல் விஷயத்தில் நான் செய்த இன்னொரு காரியம் பெரிது. பெங்களூருக்கு விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி ஒவ்வொரு கட்டடத்தின் உயரத்தையும் அளந்த தரவு உண்டு. சி-ஸ்டெப் என்ற ஆய்வு நிறுவனம் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுடன் சேர்ந்து அதை வைத்து ஒரு கருவியே செய்தது. கூரையைக் காட்டினால் எவ்வளவு மின்சாரம் வரும் என்று சொல்லும். எனக்குக் கிடைத்ததோ இலவசமாகத் தரவிறக்கும் உயரப் படம், ஒரு கட்டம் முப்பது மீட்டர். லைன் வீடுகளில் எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு சின்டெக்ஸ் தொட்டியின் நிழலைத் தேடினேன். ரயிலில் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தில் விழுந்த குண்டூசியைத் தேடுகிற மாதிரி.

திசையிலும் சறுக்கினேன். ஓட்டுக்கூரைக்கு இரண்டு சரிவு. வடக்குப் பார்த்த சரிவை நீக்கிவிடு, தெற்குச் சரிவை மட்டும் எண்ணு என்று நான் படித்த பாடம் சொன்னது, எண்ணினேன். பாதி ஊர் போய்விட்டது. பாடத்தை எழுதியவர் ஜெர்மானியர், அவர் நாட்டில் சூரியன் எப்போதும் தெற்கே தாழ்ந்துதான் போகும். நம் ஊரில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் கோல் நட்டுப் பார்க்கிற நிழலில்லா நாள் அதுதான். அன்றிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். சரிவு அதிகமில்லாத வடக்குக் கூரை தெற்குக் கூரையைவிடக் கொஞ்சம்தான் குறைத்துத் தரும். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஜூன் மாத மத்தியானத்தில் வடக்குச் சுவரில் வெயில் அடித்து முதுகு சுட்டது நினைவிருக்கிறது. முதுகுக்குத் தெரிந்தது கணினிக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசியில் நேரிலேயே போய்ச் சரிபார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வேறு வழியில்லை, குழு மிரட்டியது. வரைபடத்தில் 'மிகச் சிறப்பு' என்று பச்சை வாங்கிய கூரை ஒன்று சாம்பியன் ரீஃபில். நீண்ட ஒரே கூரை, 80 கிலோவாட். போய்ப் பார்த்தால் அது பன்னிரண்டு வீடு. மேலிருந்து ஒன்றாகத் தெரிந்தது கீழே பன்னிரண்டு அடுப்பு, பன்னிரண்டு மீட்டர். இரண்டு வீட்டுக்குத் தகரம், மூன்றுக்கு ஓடு, மிச்சத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ், காற்றில் பறக்காமலிருக்க அங்கங்கே கல்லும் டயரும். அவற்றில் ஒன்று என் பெரியம்மா வீடு. பல்கோணம் எண் 218.

"இன்னாடா கண்ணு, ஏணியத் தூக்கினு வந்துகிற?"

"கூரை எவ்ளோ தாங்கும்னு பாக்கணும் பெரியம்மா."

"அதெல்லாம் தாங்காதுடா. பூனை நடந்தாலே எனக்குத் தூக்கம் வராது."

நான் படித்தவன் அல்லவா? பேனலும் தாங்கிச் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ வரும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே ஒரு காலை ஷீட்டின் மேல் வைத்தேன். இரண்டாவது காலை வைக்கத் தேவையிருக்கவில்லை. பெரியம்மாவின் சமையலறையில், ரசம் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்கு அரை அடி தள்ளி, என் வலது கால் முட்டிவரை தொங்கியது.

இதே சாம்பியன் ரீஃபில்தான் 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து ஆள்களோடு சேர்ந்து, வானத்துக் கதிர்கள் உண்டாக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். வானத்தை அளக்க இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கினார்கள். நான் எட்டடி ஏறி எட்டடி இறங்கினேன், பாதி உடம்போடு.

முட்டிக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, பெரியம்மா காபி போட்டுக் கொடுத்தார். அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"கரண்ட் பில்லு எவ்ளோ வருது பெரியம்மா?"

"எனுக்கு ஏதுடா பில்லு? ஃப்ரீதானே?"

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், டி.வி., மிக்ஸி. மாதம் ஐம்பது யூனிட்டைத் தாண்டாது. கட்ட வேண்டிய தொகை: பூஜ்யம். 2023 ஜூலையிலிருந்து கர்நாடகத்தில் கிருஹ ஜோதி. 200 யூனிட் வரம்புக்குள், பழைய சராசரியை ஒட்டிச் செலவழிக்கும் வீட்டுக்குப் பில் கிடையாது. லைனில் பெரும்பாலோர் அப்படித்தான். நான் மாதக்கணக்காக உட்கார்ந்து, பூஜ்ய ரூபாய்ப் பில்லை எப்படிக் குறைப்பது என்று வரைபடம் போட்டிருக்கிறேன். மானியம் போகக் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைப் பெரியம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன், முட்டி வலித்தது, நிறுத்திக்கொண்டேன்.

இந்தப் பெருந்தோல்வியை மறைக்க எனக்கு ஒரு வாதம் இருந்தது. கூரை மின்சாரம் வீட்டுக்காரருக்கு லாபமில்லை என்றாலும் நாட்டுக்கு லாபம்தானே என்பது அது. இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் ஒருவர் வீட்டுக் கூரையில் கால் தொங்கிய நிலையில் பேசுகிற வாதம் அல்ல அது.

உடைந்த ஷீட்டை மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. அளவைச் சரியாக எடுத்தேன், இந்த முறை டேப்பை வைத்து. மூன்றரை அடி அகலம், எட்டடி நீளம். கடையில் அந்த அளவு ஆஸ்பெஸ்டாஸ் தீர்ந்துவிட்டது. அதே வளைவுக்குப் பொருந்துகிற, வெளிச்சம் புகும் ஃபைபர் ஷீட்தான் இருந்தது. அதையே வாங்கிப்போய் ஆள் வைத்துப் போட்டேன். நான் ஏறக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார், ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அவர் சமையலறையில் பகலில் டியூப் லைட் போடுவதில்லை. காலையில் ஏழு மணிக்கு அம்மிக்கல் மேல் விழும் வெயில், பத்து மணிக்கு அடுப்புக்கு வருகிறது, மத்தியானம் அரிசி டப்பாவைத் தொடுகிறது. நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் ஒன்று போட்டுத் தரும்படி கேட்டிருக்கிறார். குழுவில் இன்னமும் என் அறிக்கை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் அறிக்கை. கோலார் தங்கவயலில் நான் இதுவரை பயனுக்குக் கொண்டுவந்த சூரிய சக்தி மொத்தம் இருபத்தெட்டுச் சதுர அடி, என் பழைய சூத்திரப்படி சுமார் கால் கிலோவாட்.

மழை பெய்தால் ஓரத்தில் சொட்டுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எம்-சீல் வாங்கிக்கொண்டு போனேன்.